அஞ்சலை அக்கா காற்று பார்த்த ஞாயிறு

"பிரேக்கத் தேடாதீங்க டீச்சரம்மா. இதுல அது இல்ல."

பின்சீட்டிலிருந்து எதிர்வீட்டுக் கலியமூர்த்தி அண்ணன் சொன்ன பிறகுதான், என் வலது கால் தன் பாட்டுக்கு எதையோ துழாவிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கால். அதற்கு என்ன தெரியும், நான் இப்போது உட்கார்ந்திருப்பது விமானத்தில் என்று?

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலைந்து இரும்புக் குழாய், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மூன்று சக்கரம். முதுகுக்குப் பின்னால் வட்டக் கூண்டுக்குள் ஒரு மோட்டாரும் ஆளுயரக் காத்தாடியும். அதற்கும் பின்னால், மல்லாட்டை என்று இங்கே சொல்கிற நிலக்கடலையைப் பிடுங்கிய செம்மண் நிலத்தில் விரித்துப் போட்ட சிவப்பும் மஞ்சளுமான நீளத் துணி. துணியையும் வண்டியையும் சேர்த்துக் கட்டிய நூறு கயிறுகள். கதவு கிடையாது. ஜன்னல் கிடையாது. கூரையும் கிடையாது, கிளம்பினால் அந்தத் துணிதான் கூரை.

என் மகளின் சுடிதார் எனக்கு இடுப்பில் பிடித்தது. ஹெல்மெட் கொண்டைக்கு மேல் ஏறாததால் கொண்டையைப் பிரித்து, இரட்டைச் சடை போட்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய டியூஷன் டீச்சர், இரட்டைச் சடையோடு, முத்தாண்டிக்குப்பத்துக் காட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நல்லவேளையாக என் மாணவர்கள் யாரும் அங்கே இல்லை.

வரப்போரம் பனைமரத்தடியில் எங்கள் வீட்டுக்காரர் என் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்தபடி, அஞ்சலை அக்கா. கலியமூர்த்தி அண்ணனின் மனைவி. அன்றைக்கு அவர்தான் நீதிபதி.

தீர்ப்பு இதுதான். நான் முழுசாகத் திரும்பி வந்தால் வண்டி இருக்கும். எனக்கு ஒரு சிராய்ப்பு என்றாலும், மறுநாள் வண்டியை விற்றுவிட வேண்டும். கலியமூர்த்தி அண்ணன் இனி ஜென்மத்துக்கும் பறக்கக் கூடாது.

"மொதல்ல டீச்சர் போவட்டும்" என்று சொல்லிவிட்டார் அக்கா. "அவுங்கதான நாலு மாசமா என்னக் கூட்டிகினு போ, என்னக் கூட்டிகினு போன்னு குதிச்சிகினு இருந்தாங்க."

உண்மைதான், குதித்தேன். யார் இல்லையென்றது?

எதிர்வீட்டில் இறங்கிய வண்டி

போன வாரம் எங்கள் நெய்வேலி பிளாக்கில் எத்தனை ஊர்க்காரர்கள் இருந்தோம் என்று எழுதியிருந்தேன். நாங்கள் திண்டுக்கல் பக்கம். மாடியில் நாகர்கோவில். பின்வரிசையில் சேலம். கலியமூர்த்தி அண்ணன் குடும்பம் மட்டும்தான் அசல் உள்ளூர். அக்காவின் பிறந்தவீடு முத்தாண்டிக்குப்பம். அண்ணன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக், பர்மனென்ட்.

அவர் சத்தமாகப் பேசி அந்த பிளாக்கில் யாரும் கேட்டதில்லை. ஷிப்ட் வாழ்க்கை அப்படி. நைட் ஷிப்ட் முடித்து அவர் தூங்கும் பகலில், அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. அவர் எழுந்திருக்கும்போது அக்கா கடைக்குப் போயிருப்பார். அக்கா தூங்கும்போது இவர் டிபன் கேரியரோடு சைக்கிளில் கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான், எங்கள் வீட்டுக்காரர் தெர்மலில், அதாவது அனல்மின் நிலையத்தில், கன்ட்ரோல் ரூம். ஆனால் நாங்கள் வாரத்துக்கு ஒரு சண்டையாவது போட்டுத் தொடர்பில் இருந்தோம். எதிர்வீட்டில் அதுவும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் கூட வேலை பார்ப்பவர்களோடு புதுச்சேரி பக்கம் கடற்கரைக்குப் போனார். மற்றவர்கள் எதற்குப் போனார்களோ அதைச் செய்துகொண்டிருக்க, இவர் மட்டும் மணலில் நின்று வானத்தைப் பார்த்திருக்கிறார். மேலே ஒருவர் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடி பறந்துகொண்டிருந்தார். பாராமோட்டார் என்று அதற்குப் பெயர். பாராசூட் மாதிரியான துணி மேலே, மோட்டார் பின்னாலே. பெட்ரோல் ஊற்றினால் போதும்.

அதன் பிறகு அண்ணனின் வார விடுமுறைகள் எல்லாம் அந்தக் கடற்கரையிலேயே போயின. அந்த ஆளிடமே கற்றுக்கொண்டார். அவர் புது வண்டி வாங்கியபோது பழையதை இவர் வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றி எங்கள் பிளாக் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். அக்கா மட்டும் வரவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்தே கேட்டார்.

"என்னாது அது?"

"பறக்கற வண்டி" என்றார் அண்ணன், ஏதோ கொத்தமல்லிக் கட்டு என்று சொல்கிற மாதிரி.

ஜன்னல் சாத்தப்பட்டது.

பறக்கிற ஆட்டோ

வண்டியை வைக்கக் குவார்ட்டர்ஸில் இடம் ஏது? அக்காவின் தம்பி நிலத்து மோட்டார் கொட்டகையில் வைத்தார்கள். பறப்பதும் அங்கேதான். ஊர்க்காரர்கள் அதற்குப் பறக்கிற ஆட்டோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று சக்கரம் இருக்கிறதே, வேறு என்ன பெயர் வைப்பது?

அண்ணனுக்கு ஒரு விரதம் உண்டு. மைன்ஸ் பக்கமும் தெர்மல் பக்கமும் தலைவைத்தும் படுக்க மாட்டார். அங்கே பறக்கக் கூடாது. பறந்தால் உத்தியோகம் போய்விடும். முத்தாண்டிக்குப்பத்துக்குக் கிழக்கே முந்திரித் தோப்புகளின் மேல் இரண்டு சுற்று, அதோடு இறக்கம். கற்றுக்கொடுத்தவர் என்னென்ன சொல்லியிருந்தாரோ அதையெல்லாம் அவர் சுரங்கத்து சேப்டி விதி மாதிரி மனப்பாடமாகச் சொல்வார். நட்டு நட்டாகத் திருகிப் பார்க்காமல் வண்டியைத் தொடமாட்டார். ஒருமுறை சக்கரத் தண்டில் மயிரிழை விரிசல் தெரிகிறது என்று மந்தாரக்குப்பத்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே இருந்த ஒருவருக்கும் அந்த விரிசல் கண்ணில் படவே இல்லையாம்.

நான் முதல் தடவை அதைப் பார்த்தது ஒரு பொங்கல் விடுமுறையில். அண்ணன் தனியாகத்தான் பறந்தார். வண்டி நாலு எட்டு ஓடியது, துணி எழுந்து நின்றது, அடுத்த நொடி சக்கரங்களுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதுவரை விமானம் என்றால் தலைக்கு மேலே எங்கோ போகும் கோடு. எதிர்வீட்டுக்காரர் லுங்கி கட்டிக்கொண்டு கறிவேப்பிலை கேட்டு வருகிற மனிதர். அவர் பறக்கலாம் என்றால் நான் பறக்கக் கூடாதா?

நெய்வேலி தட்டையான ஊர். உயரம் என்று பார்த்தால், சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் எங்களுக்கு மலை. திண்டுக்கல்லில் கோட்டை மேல் ஏறி ஊரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே வந்த நாளிலிருந்தே ஏறி நின்று பார்க்க ஒன்றும் இல்லையே என்று ஒரு குறை. கிடைத்தது சாக்கு என்று அன்றைக்கே அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, பின்னாடி ஒரு சீட்டு சும்மாத்தானே இருக்கு?"

"ஆள் ஏறுனா நீங்க முன்னாடி, நான் பின்னாடி. ஆனா அஞ்சல ஒத்துக்கணும் டீச்சரம்மா" என்றார்.

"என்னை ஏத்துறதுக்கு அக்கா ஏன் ஒத்துக்கணும்?"

"எனக்கே இன்னும் ஒத்துக்கல."

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உம் என்றார். என் கல்யாண வாழ்க்கையில் உம் என்ற சொல்லுக்குச் சரி, கூடாது, காது கேட்கவில்லை என்று மூன்று பொருளும் உண்டு. நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

காணாமல் போன பாவாடை

இடையில் பிளாக்கில் திருடன் பயம் வந்தது. அக்காவின் ஆரஞ்சு நிற உள்பாவாடை கொடியிலிருந்து காணாமல் போனது. புதுசு. ஒரு மாதம் அதே பேச்சு. மாடி நாகர்கோவிலம்மா தன் துணிகளை வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் காயப்போட ஆரம்பித்தார். அக்கா எங்கள் கொடியையும் ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் போவார். என் பாவாடைகள் எல்லாம் பழுப்பும் நீலமும் என்பதால் தப்பித்தேன்.

கொடி என்றதும் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெய்வேலியில் துணி துவைத்த பெண், பிழிந்த கையோடு வாசலுக்கு வந்து முதலில் தெர்மல் சிம்னியைத்தான் பார்ப்பாள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, தூசி வராத பக்கமாக வெள்ளைத் துணிகளை மாற்றிக் கட்டுவோம். வடகம் காயவைப்பதா, மிளகாய் காயவைப்பதா, எல்லாவற்றுக்கும் அதேதான். மற்ற ஊர்க்காரர்கள் மரத்தைப் பார்ப்பார்கள், மணலைத் தூவிப் பார்ப்பார்கள். எங்களுக்குக் காற்று என்றால் சிம்னிப் புகை. எங்கள் வீட்டுக்காரர் அந்தப் புகையைத் தன் சொந்தச் சொத்து மாதிரிப் பேசுவார்.

வைகாசியில் ஒருநாள் அக்காவே வாய்திறந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கப் போகிறேன், பார்த்துவிட்டு ஒரே முடிவு என்றார். அண்ணன் காலையில்தான் பறப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்குழம்பை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க அக்கா என்ன வேலையற்றவரா? சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தலை வாரிக் கிளம்பினோம். நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

என் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய அக்கா நாலடி நடந்தார், நின்றார்.

நிலத்தின் நடுவில் ஒரு மூங்கில் கொம்பு. அதன் உச்சியில், காற்றில் உப்பி, ஆரஞ்சு நிறத்தில் கம்பீரமாகப் பறந்துகொண்டிருந்தது, அந்தப் பாவாடை.

"காத்து பாக்கறதுக்கு" என்றார் அண்ணன், மெல்லிய குரலில். "எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியணும். காத்தப் பாத்து ஏறணும், காத்துக்கு எதுத்தாப்லதான் எறங்கணும், இல்லன்னா வேகம் அடங்காது. அந்தத் துணி நல்லா கனமில்லாம இருந்துச்சி..."

"என் தம்பி வூட்டு நெலத்துல, ஊரே பாக்கறாப்ல, என் பாவாடையக் கொம்புல ஏத்தி வச்சிருக்கியா? கொடி ஏத்திகினு இருக்கியா நீ? ஒரு மாசமா நான் திருடனத் தேடிகினு இருக்கறன், திருடன் என் வூட்லயே சோறு தின்னுகினு இருக்கறான்!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முந்திரி மரங்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரும் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

கொம்பை அக்காவே பிடுங்கினார். பாவாடையை உருவி, நாலாக மடித்து, பைக்குள் திணித்தார்.

"அது இல்லாம எப்டி அஞ்சல எறங்குறது? காத்து தெரியாதே."

அக்கா தென்மேற்கே கையைக் காட்டினார். அடிவானத்தில் சிம்னிகள் வரிசையாக நின்றன. புகை சோம்பலாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"அது தெரியல? நெய்வேலில பொறந்துட்டு காத்து பாக்கப் பாவாட வேணுமா உனக்கு?"

"அதானே" என்றார் எங்கள் வீட்டுக்காரர், பெருமையோடு. "நம்ம சிம்னி பொய் சொல்லாது கலியமூர்த்தி."

எல்லோரும் புகையைப் பார்த்தோம். நானும் பார்த்து, ஆமாம், மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்று என்றேன். தினம் பார்க்கிற புகை, அதில் என்ன சந்தேகம்? அண்ணன் மட்டும் கொம்பு நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, நான் எறங்கறப்ப எந்தப் பக்கம் மொகத்த வச்சி எறங்கணுமோ, அந்தப் பக்கம் நீ கைய நீட்டு" என்றார். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. பார்க்க வந்தவருக்கு வேலை கொடுத்தாயிற்று.

அப்படித்தான் நான் முன்சீட்டுக்கும் அஞ்சலை அக்கா காற்று ஆபீசர் பதவிக்கும் ஒரே நாளில் வந்து சேர்ந்தோம்.

மேலே

மோட்டார் முடுக்கியதும் முதுகெலும்பு முழுக்க அதிர்ந்தது. வண்டி மேற்கே பார்த்து உருண்டது. தலைக்கு மேல் ஏதோ படபடவென்று எழுந்து, விறைத்து, அமைதியானது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாலு எட்டுக் குலுக்கல், பிறகு குலுக்கல் நின்றுவிட்டது.

ஏதோ கோளாறு, வண்டி நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். என் செருப்புக்குக் கீழே பனைமரத்தின் தலை இருந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. திண்டுக்கல் பாஷையில் ஏதோ நீளமாகக் கத்தினேன். பயமா என்றால், பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு வாயெல்லாம் பல்.

கீழே முந்திரித் தோப்புகள் நெருக்கமாக, மெத்தை மெத்தையாகக் கிடந்தன. பழுத்து விழுந்த முந்திரிப்பழ வாசனை அவ்வளவு உயரத்துக்கும் வந்தது. பண்ருட்டிச் சாலையில் கூரை மேல் பலாப்பழம் அடுக்கிய ஒரு பஸ் போனது. பழங்களை மேலிருந்து பார்ப்பேன் என்று யார் நினைத்தது? ஒரு வீட்டு மாடியில் தலையணைகள் காய்ந்தன. ஒரு கிணற்றுக்குள் வானம் தெரிந்தது. தூரத்தில், சுரங்கம் தோண்டிய மண் படிப்படியாக, சாக்லேட் நிறத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் அண்ணன் வண்டியை வளைத்தார். உலகமே ஒரு பக்கமாகச் சாய்ந்து எனக்கு வழி விட்டது.

"இன்னும் மேல!" என்று கத்தினேன். அவருக்குக் காதில் விழவில்லை. விழாததால் இன்னும் நாலு தடவை கத்தினேன்.

முழங்கால் குளிர்ந்தது. இரட்டைச் சடை பின்னால் பறந்து அவர் முகத்தில் அடித்ததாம், பிறகு சொன்னார். நான் என்ன கண்டேன்? டியூஷன் பிள்ளைகளின் முழுஆண்டு மதிப்பெண், கேஸ் சிலிண்டர், மாமியாரின் முழங்கால் வலி, எல்லாம் கீழே எங்கோ ஒரு கூரைக்கடியில் இருந்தன. எது எந்தக் கூரை என்றுகூடத் தெரியவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருக்க ஒரு ஆளுக்கு அனுமதி உண்டா என்று தோன்றியது. உண்டு என்றே வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று முடிந்து நிலத்துக்குக் கிழக்கே வந்ததும் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார். இறங்கும்போது அப்படித்தான், சத்தமில்லாமல் மிதந்து இறங்க வேண்டும்.

அந்த அமைதி இருக்கிறதே! கயிறுகளில் காற்று ஊதுவது மட்டும்தான். கீழே யாரோ இருமுவதுகூடக் கேட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டுக் கூட்டம் நிதானமாக நிலத்தைக் கடந்துகொண்டிருந்தது. எனக்குக் கவலை வந்துவிட்டது.

"அண்ணே, இதுக்கு ஹாரன் இருக்கா?"

பின்னால் ஒரு விக்கல் மாதிரி சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கலியமூர்த்தி அண்ணன் சிரித்தார். வாயைப் பொத்திச் சிரிக்கிற மனிதர் அவர், அன்றைக்கு இரண்டு கையிலும் கயிறு. வானம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். அவர் சிரிப்பதைக் கேட்டு நான் சிரித்தேன், நான் சிரிப்பதைக் கேட்டு அவர் இன்னும் சிரித்தார். ஆடுகள் ஓடிவிட்டன.

பனைமரத்தடியில் அக்கா ஒருமுறை திரும்பிச் சிம்னியைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கையை மேற்கே நீட்டினார். விறைப்பாக, ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி. அவர் முந்தானையும் மேற்கே நீட்டிக்கொண்டு பறந்தது. அதை நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

போருக்குள்

தரை ரொம்ப வேகமாக வந்தது. இறங்கும்போது வேகம் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். குறைகிற மாதிரி இல்லை.

"காத்து பின்னால..." என்று அண்ணன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டது, குதித்தது, மறுபடி தொட்டது, ஓடியது. நிலம் முடிந்தது. நிலத்தின் மேற்கு ஓரத்தில், மாட்டுக்காகக் காயவைத்துக் குவித்திருந்த மல்லாட்டைக் கொடிப் போர் எங்களைப் பார்த்து வந்தது. நாங்கள் அதற்குள் போனோம்.

இருட்டு. தூசி. ஏதோ முறிகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

என் வாயில் ஒரு மல்லாட்டை இருந்தது. அதைக் கடித்துப் பார்த்தேன். பல் எல்லாம் இருந்தது. கை, கால், சடை இரண்டு, எல்லாம் இருந்தன. அடக்க முடியாமல் மறுபடி சிரிப்பு வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் கைப்பையோடு ஓடிவந்து கொடியை அள்ளி அள்ளி வீசினார். என்னைப் பார்த்ததும் கைப்பையை என் மடியில் வைத்தார். "உனக்கு ஒண்ணும் இல்லையே, ஒண்ணும் இல்லையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த உம்மைத் தவிர வேறு சொல்லும் அவரிடம் இருப்பதைத் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் போரிலிருந்து நான்கு காலில் வெளியே வந்தார். காத்தாடி இரண்டு துண்டு. அதை அவர் பார்க்கவே இல்லை. என் முழங்கையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு சிராய்ப்பு. அதைத்தான் பார்த்தார். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடல் காத்து" என்றார். "சாயங்காலத்துல கெழக்கேருந்து வருமே, நாம மேல இருக்கறப்ப மாறியிருக்கு. கீழயே வரும், மேல ஏறாது. நான் எப்பவும் காலைலதான... எனக்குத் தோணவே இல்ல. உங்களக் கொன்னுருப்பன் டீச்சரம்மா."

நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து சிம்னியைப் பார்த்தோம். புகை ஒன்றுமே நடக்காத மாதிரி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் மேல்காற்று, எங்கள் முகத்தில் கீழ்க்காற்று. முகத்தில் ஜில்லென்று அடித்ததைக்கூட நம்பாமல் நாங்கள் எல்லோரும் கண்ணை நம்பியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா கடைசியாக வந்து சேர்ந்தார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், உடைந்த காத்தாடியைப் பார்த்தார். சிராய்ப்பு இருந்தது. தீர்ப்பு தெரிந்ததுதான்.

அவர் வாய் திறக்கும் முன்பே அண்ணன் சொல்லிவிட்டார். "நீ சொன்னதுதான் சரி அஞ்சல. நாளைக்கே வித்துடறன். எனக்கு வாணாம் இது."

முகத்தைத் துடைக்கப் போனவர் கையில் மண் இருந்ததால் இன்னும் அப்பிக்கொண்டார். சற்று முன்பு வானத்தில் அப்படிச் சிரித்த மனிதர்.

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"பொகையப் பாத்தது நானு" என்றார். "கையக் காட்டனதும் நானு."

"இருந்தாலும்..."

"நீ சும்மா இரு. மோட்டாரு நின்னதும் மேலேருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சி. யாரோ வழிப்போக்கன் சிரிச்சிகினு போறான்னு நெனச்சன். அப்பறம் பாத்தா அது நீ." அக்காவுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. "இத்தினி வருசமா உன் கூடக் குடும்பம் நடத்திகினு இருக்கறன். நீ இப்டி சிரிச்சி ஒரு நாளு நான் கேட்டதில்ல. ஒரு நாளு!"

அண்ணன் குனிந்து தரையில் கிடந்த மல்லாட்டைக் கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரக் கூட்டிகினு போயி சிரிக்கற. மாட்டக் கட்டி வச்சாப்ல நான் பனமரத்தடில நின்னுகினு இருக்கணுமா? வண்டிய வித்துட்டு, அப்பறம் என்ன எதுல கூட்டிகினு போவ?"

எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கும் புரியவில்லை. அண்ணன் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார், மண் அப்பிய முகத்தோடு, பேய் முழி முழித்துக்கொண்டு.

"எந்திரி" என்றார் அக்கா. "உடைஞ்சத எங்க வாங்கணும்னு பாரு."

அதற்குப் பிறகு

புதுக் காத்தாடி வரக் கொஞ்ச நாள் ஆனது. அது வந்த மறு ஞாயிறு, கறிக்குழம்பைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, விடியற்காலையிலேயே கிளம்பினோம்.

அக்கா அண்ணனின் மைன்ஸ் பேன்ட்டைப் போட்டு அதன் மேல் புடவை கட்டியிருந்தார். நாலு இடத்தில் ஊக்கு. வண்டியில் ஏறும் முன் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஏனென்று கேட்டதற்கு, "யாரு தலையிலயாவது வுழுந்துட்டா?" என்றார். நெற்றியில் விபூதி. முகத்தில் ரத்தமே இல்லை. இருக்கைக் கம்பியை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"வாணாம்னா எறங்கிடு" என்றார் அண்ணன்.

"நீ ஓட்டு."

வண்டி உருண்டது, துணி எழுந்தது, பனைமரத்துக்கு மேலே போனார்கள். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, வயிறு எரிகிற பொறாமை. இன்னொரு பக்கம் பயம், அக்கா மேலே மயக்கம் போட்டுவிட்டால்? எங்கள் வீட்டுக்காரர் பிளாஸ்க்கில் சோடா வைத்திருந்தார்.

முந்திரித் தோப்புக்கு மேல் ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. நிலத்துக்கு நேராகத் திரும்பி வந்தார்கள். மோட்டார் நின்றது.

நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அழுகிற சத்தம் வருமோ என்று எனக்கு ஒரு பக்கம் கவலை. கயிறுகளின் ஊதல் மட்டும் கேட்டது. அக்காவின் கால்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அப்போது மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது. முத்தாண்டிக்குப்பம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"யோவ், யாருய்யா எறக்கச் சொன்னது? ஏத்து! இன்னொரு சுத்து போ!"

அதன் பின்னாலேயே கலியமூர்த்தி அண்ணன் சிரிக்கும் சத்தம். மறுபடி மோட்டார் முடுக்கும் சத்தம்.